மூலையில் கறுப்பு இல்லாத கடிதம்

அம்பிட்டிய,
கண்டி.
23.06.2025

தங்கச்சி வேலாயிக்கு அண்ணன் வீரய்யா எழுதிக்கொள்வது.

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். இது உன்மேல் ஒரு முறைப்பாடு. முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் விலாசத்தைத் தந்தவள் என் இளைய மகள் தர்ஷனா. நீங்கள் போன பிறகு பிறந்தவள். இப்போது நீயும் அவளும் போனில் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேள்வி. என்னிடமும் போனை நீட்டினாள். வேண்டாம் என்றேன். போனில் சொன்னதை அடித்துத் திருத்த முடியாது. இந்தத் தாளில் நான் எத்தனை இடத்தில் அடித்திருக்கிறேன் என்று பார்த்தால் உனக்கே விளங்கும்.

போன வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கண்டிக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கலைவிழா நடந்தது. அகதிகளுக்கான விழாவாம். ‘வந்தவர், போனவர், இருந்தவர்’ என்று மூன்று மொழியிலும் எழுதிக் கட்டியிருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் ஒரு பாயும் இல்லாமல் கிடந்தோம். இப்போது அகதிக்கு மேளம், பாட்டு, தின்ன வட்டிலப்பம். நான் வரமாட்டேன் என்றேன். தர்ஷனா விடவில்லை. போன மாதம்தான் என் இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் செய்து வெள்ளை எடுத்தார்கள். “இப்பதான் நல்லா தெரியுதேப்பா, சும்மா மரத்தப் பாத்துக்கிட்டு உக்காராம வந்து மனுசரப் பாருங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

நான் மரங்களைப் பார்த்துப் படித்தவன் என்பதைக் குத்திக் காட்டுகிறாள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களின் பெயர்ப் பலகைகள்தான் சிங்களமும் இங்கிலீசும் சொல்லித் தந்தன. முப்பத்தைந்து வருஷம் அங்கே புல் வெட்டினேன். கிழமைக்கு ஒரு பலகை என்று படித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாமல் உன் கடிதங்களைப் போட்டு வைத்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வழியில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

விழாவைக் குறை சொல்ல முடியாது. நீர்கொழும்பில் தங்கியிருக்கும் ஒரு பாகிஸ்தான் குடும்பம் பாடியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. தகப்பன் பாடி முடிக்கும்வரை மகள் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடியே நின்றாள். நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தப்பு அடித்தார்கள், சிங்களப் பிள்ளைகள் கூடவே ஆடினார்கள்.

எல்லாவற்றையும் நடத்துகிறவர் கைரியா என்று ஒரு டீச்சர். மடவளையில் இருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம். வெளிக்கிட்ட அவசரத்தில் அவருடைய தகப்பன் சைக்கிளை விட்டுவிட்டுச் சைக்கிள் பம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாராம். அந்தப் பம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். “வாப்பா மௌத்தாகும் வரைக்கும் இதப் பாத்து ஊட்டுல ஒருத்தரும் சிரிக்க ஏலாது ஐயா” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அது உள் அறைக்குப் போகும்வரைதான்.

உள் அறையில் கூரையிலிருந்து வெள்ளைத் துணிகள் தொங்கின. பதினொன்று. ஒவ்வொரு துணியிலும் ஒரு கடிதத்தைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். சனங்கள் துணிகளுக்கு நடுவே நடந்து நடந்து படித்தார்கள். ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று முதல் துணி தொடங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வால் இழுத்து எழுதுகிறவள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எண்பத்தைந்து தொடங்கித் தொண்ணூற்று மூன்று வரை நீ இந்தியாவில் அகதி முகாமிலிருந்து எழுதிய பதினொரு கடிதத்தில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை.

வந்ததும் உறையின் மூலையைப் பார்ப்பேன். தோட்டத்து லயத்து வீட்டில் நம் அப்பா செய்ததுதான். எழுத்தறியாத மனுசன், மூலையில் மஞ்சள் பூசியிருந்தால் படிக்க ஆள் தேடுமுன்னே சிரிப்பார், கறுப்பு பூசியிருந்தால் அழுவார். உன் ஐந்தாவது கடிதத்தில் மஞ்சள் இருந்தது. உனக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று பூந்தோட்டத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சொல்லவில்லை. மற்றப் பத்திலும் ஒன்றும் இல்லை. கறுப்பு இல்லை என்றால் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அவ்வளவு போதும் என்று றங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

ஏன் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டை எரித்தவனுக்குப் பயந்து ஊரையும் விட்டுக் கொடுப்பதா என்று நான் கத்தினேன். உன் புருஷன் கேட்கவில்லை. நீ வயிற்றில் பிள்ளையோடு லொறியில் ஏறினாய். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள், உன்னை ஒரு தரம் பார்த்தாள், உன் பின்னாலேயே ஏறிவிட்டாள். “போனீங்கன்னா திரும்பி வந்து என் வாசல்ல நிக்கக் கூடாது” என்று அப்போது சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைத் திறந்தால் இளகிவிடுவேன் என்று பயம்.

நான் கண் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தர்ஷனா பெட்டியைத் திறந்திருக்கிறாள். பழைய கடிதம் ஏதாவது விழாவுக்குக் கொடுக்கலாமா என்று முன்பே கேட்டிருந்தாள். கொடு என்று நானும் சொல்லியிருந்தேன். ஒட்டியபடி கிடக்கும் உறைகளைக் கண்டால் அப்படியே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பத்தாவது துணியில் இப்படி இருந்தது. “அண்ணே, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குப் பெயர் எடுக்கிறார்கள். அங்கே இருக்க இடம் உண்டு என்று உறவுக்காரர் இரண்டு வரி எழுதித் தந்தால் போதுமாம். அம்மா ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வாசலில் நிற்க மாட்டாளாம். பின்பக்கம் விறகு வைக்கும் இடம் இருந்தால் அங்கே இருந்துகொள்வாளாம். அதையும் எழுது என்கிறாள்.”

பதினோராவது துணி சின்னக் கடிதம். அம்மா போய்ப் பதினாறு நாள் என்று எழுதியிருந்தாய். அடுத்து இப்படி எழுதியிருந்தாய். “மூலையில் கறுப்பு வைக்கவில்லை அண்ணே. தபால்காரர் கையில் அதைப் பார்த்தால் நீங்கள் ரோட்டிலேயே விழுந்துவிடுவீர்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.”

நான் உட்காரவில்லை. நின்றபடிதான் படித்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். தமிழ் தெரிந்தவள் மற்றவளுக்குச் சிங்களத்தில் அர்த்தம் சொன்னாள். என் அம்மா செத்த செய்தியை இரண்டாம் தடவை சிங்களத்தில் கேட்டேன்.

அப்புறம் நான் போட்ட சத்தத்தில் வெளியே மேளம் நின்றது. யாரைக் கேட்டுத் திறந்தீர்கள், என் வீட்டுச் சாவைத் தோரணம் கட்டினீர்களா என்று கேட்டேன். கைரியா டீச்சர் ஓடி வந்து, “ஒட்டின கடதாசியத் தொறந்தது எங்கட பிழதான் ஐயா, மாப்புக் கேக்குறேன்” என்றார். பிறகு, “ஆனா நீங்க ஏன் தொறக்கல்ல?” என்று மெதுவாகக் கேட்டார். தர்ஷனா அழுதாள். “அப்பாயி உசுரோட இருக்குன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? அத்த கையெழுத்தப் பாத்தாத்தான் நம்புவீங்க” என்றாள்.

அது உண்மை. ஒவ்வொரு ஆடி அமாவாசையும் மகாவலிக் கரையில் ஐயர் “தாயார்?” என்று கேட்கும்போது, இருக்கிறார் என்றுதான் சொல்லி வந்தேன். அப்பாவுக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டேன். என் கணக்கில் அம்மாவுக்கு இந்த வருஷம் தொண்ணூற்று மூன்று வயது. அம்மாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் நான் விட்டதில்லை வேலாயி.

முறைப்பாடு இதுதான். கறுப்பு வைக்காதது உன் பிழை. முறை என்று ஒன்று இருக்கிறது. என்மேல் இரக்கப்பட்டு அதை மாற்ற உனக்கு யார் அதிகாரம் தந்தது?

இதை எழுதிவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். கறுப்பு வைத்திருந்தாலும் நான் மொட்டை அடித்து ஆற்றில் முழுகியிருப்பேன், கடிதத்தைப் பெட்டியில்தான் போட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. அப்போதும் பத்தாவது கடிதம் திறக்காமலே கிடந்திருக்கும். சாவுக்குக் கறுப்பு வைத்தார்கள், கலியாணத்துக்கு மஞ்சள் வைத்தார்கள். கூப்பிடு என்று கேட்பதற்கு நம் ஆட்கள் ஒரு நிறமும் வைக்கவில்லை.

பதில் போடு. போடாவிட்டால் நியாயம்தான். போட்டால் மூலையைப் பார்க்க மாட்டேன், நேரே கிழிப்பேன்.

அண்ணன்,
வீரய்யா


அம்பிட்டிய,
கண்டி.
26.07.2025

தங்கச்சி வேலாயிக்கு,

நீ கடிதம் எழுதவில்லை. தர்ஷனாவின் போனுக்குக் குரலை அனுப்பினாய். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். “அண்ணே பக்கம் பக்கமா மொறப்பாடு எழுதியிருக்கு, வான்னு ஒரு வார்த்த எழுதல. ஊருக்குத் திரும்புறவங்களுக்கு அடுத்த மாசக் கடைசியில பேரு எடுக்குறாங்க. அண்ணே வாயால வான்னா வர்றேன், இல்லாட்டி அம்மா கெடக்குற மண்ணுலயே நானும் கெடக்குறேன்.” குரல் அப்படியே அம்மாவின் குரல். பிடிவாதமும் அவளுடையதுதான். எனக்கு மட்டும் அது வந்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

உன் புருஷன் போய் ஏழு வருஷம் என்று தர்ஷனா சொன்னாள். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னையில் இருக்கும் உன் மகன், அம்மா இந்த வயதில் எதற்கு அங்கே என்று கேட்கிறானாம். அவன் கேட்பதில் பிழை இல்லை. அந்த மஞ்சள் மூலை அவன் பிறந்ததற்கு என்று நினைத்திருந்தேன், காது குத்தியதற்காம். தேத்தண்ணி அதற்கும் சேர்த்துத்தான் என்று சொல்.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. ஆற்றுக்குப் போனேன். ஐயர் என்னைக் கண்டதும், “தாயார் இருக்கிறார், தெரியும்” என்று தானே சொல்லிக்கொண்டு தர்ப்பையை எடுத்தார். இல்லை என்றேன். பெயர் கேட்டார். அங்கம்மா என்றேன். எப்போது என்றார். தொண்ணூற்று மூன்று என்றேன். வயதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நிறைந்த வயது என்று தலையை ஆட்டினார். நான் திருத்தவில்லை. தண்ணீர் விட்டேன். எள் பாதி சட்டையில் கொட்டியது.

உனக்கு இங்கே இருக்க இடம் உண்டு என்று கிராம சேவகர் தந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவருடைய கந்தோரில் இருந்த சிங்களப் பிள்ளை, யாருக்கு என்று கேட்டது. நங்கிக்கு என்றேன், சிங்களத்தில் தங்கச்சி நங்கிதானே. இவ்வளவு காலம் கழித்து ஏன் வருகிறார் என்று கேட்டது. அவள் எழுதிய கடிதம் எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது என்றேன். தபால் கந்தோரைத் திட்டிக்கொண்டே முத்திரை குத்தியது.

துணி பதினொன்றும் இங்கேதான் இருக்கின்றன. கைரியா டீச்சரே மடித்துக் கொண்டுவந்து தந்தார். அடுத்த வருஷ விழாவுக்குப் பன்னிரண்டாவது துணியாக என் பதிலைக் கேட்கிறார். நீ வந்து சரி என்று சொன்னால் கொடுக்கலாம் என்றேன். உன்னைக் கேட்காமல் ஒன்றையும் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்றேன். அவர் கூடவே கொண்டுவந்திருந்த அந்தச் சைக்கிள் பம்பை என் கையில் தந்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். இன்னும் காற்று வருகிறது.

வீட்டைப் பற்றி எழுத வேண்டும். முன்னறை, இரண்டு அறை, குசினி. ஓர் அறை தர்ஷனாவுக்கு, மற்றது எனக்கு. என் கட்டிலை முன்னறைக்கு எடுத்துப் போட்டாயிற்று. குளிர் பழக உனக்கு நாள் எடுக்கும், ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வை. பின்பக்கம் விறகு வைக்கும் இடம் ஒன்று இருந்தது. போன கிழமை அதை நானே இடித்துவிட்டேன். கண்ணுக்கு மருந்து விடும் காலத்தில் பாரம் தூக்கக் கூடாது என்று தர்ஷனா ஏசுகிறாள். ஏசட்டும். என் வீட்டின் பின்பக்கத்தில் இனி யாரும் இருக்க இடமில்லை.

இந்த உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியிருக்கிறேன். முறை தெரியாமல் இல்லை, தெரிந்துதான்.

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு லொறிக்குப் பக்கத்தில் நின்று சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். என் வாசலில் நீ நிற்கக் கூடாது. கதவு திறந்திருக்கும். செருப்பைக்கூடக் கழற்ற நிற்காதே. நேரே உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடி.

அம்மா உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் அண்ணன்,
வீரய்யா