கால் அளவு ஏழு

அன்புள்ள அக்கா,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன், கிழித்துப் போட்டுவிடாதே. தையல் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூபா டைவிங் போகிறேன், கடலுக்கடியில் மீன் பார்க்க!

பயிற்சியாளர் கறார். "தனியா யாரையும் இறக்க மாட்டோம்மா. ஜோடியா வாங்க. ஒருத்தர் காத்துக் குழாயை இன்னொருத்தர்தான் சரிபார்க்கணும்."

படிவத்தில் ஜோடியாக உன் பெயரை எழுதிவிட்டேன். பயப்படாதே. தண்ணீருக்குள் வாயில் குழாய் இருக்கும், நாற்பது நிமிடம் நம்மால் சண்டை போடவே முடியாது.

காலில் மாட்டும் ரப்பர் துடுப்புக்கு அளவு கேட்டார்கள். உனக்கும் ஏழு என்றே போட்டேன். என் செருப்பைத் திருடி மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனவள்தானே நீ!

அளவு மாறியிருந்தால் மட்டும் பதில் எழுது. மாறவில்லை என்றால், பன்னிரண்டாம் தேதி காலை நேராகப் படகுத்துறைக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
அந்தச் செருப்பை இன்னும் தேடும்
உன் தங்கை