மாமியார் சொன்ன சொல்

சித்திரை 9, புதன்.

மருமகள் கவிதாவுக்குச் சிறுநீரகத்தில் கல். காலையில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இவள் தின்கிற ஊறுகாயும் அப்பளமும்தான் காரணம் என்று டாக்டரம்மாவிடம் நான் முந்திக்கொண்டேன்.

"உப்பைக் குறைக்கணும்தான். தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று அவர் இவளைக் கேட்டார்.

"மில்லுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டனுங்க. பொம்பளை வெளிய போனா தொண்டைய நனைச்சாப் போதும்னு, கண்ணாலமாகி வந்தப்ப அத்தை சொன்னாங்க. அப்படியே பழகிருச்சுங்க."

குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அது என் மாமியார் எனக்குச் சொன்ன சொல். அன்று வீட்டில் கக்கூஸ் கிடையாது. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு அடிவயிறு வலிக்கக் கிடப்பேன். அந்தக் கிழவி செத்தபோதுகூட நான் அழவில்லை. இவள் வந்தபோது வீட்டில் கக்கூஸ் இருந்தது. இருந்தும் அதே சொல்லைச் சொன்னேன். நீலச் சேலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள், நன்றாக நினைவிருக்கிறது.

சாயங்காலம் உப்புப் போடாமல் எலுமிச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்களும் குடிங்க அத்தை. நீங்க தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்லீங்க" என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் இவள். திட்டியிருந்தால் தூக்கம் வந்திருக்கும்.