வீட்டுக்காரருக்குக் கால் சரியில்லையாம்

மார்ச் 4, செவ்வாய்

என் மனைவிக்கு ஜோடி நடனம் கற்றுக்கொள்ள ஆசை. இன்று மதியம் உறுதியானது. தகவல் தந்தவர் மகள், வெளியூரிலிருந்து, தொலைபேசியில். வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது வாய்தவறி வந்துவிட்டது.

"கையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி ஆடுவாங்களே, வால்ட்ஸ், அந்த மாதிரி. அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசைப்பா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா சிரிப்பீங்கன்னாங்க."

ஊரில் உள்ளவர்கள் வீட்டுச் செய்தியையெல்லாம் கேட்டுப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான். என் வீட்டுச் செய்தி வெளியூர் போய்த் திரும்பி வருகிறது. அது போகட்டும். சிரிப்பேன் என்று எதை வைத்துச் சொன்னாள்? யோசித்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் தொலைக்காட்சியில் அப்படி ஒரு ஜோடி ஆடியது. எங்கள் வயதுதான் இருக்கும். "இடுப்பு பிடிச்சுக்கப் போகுது பாரு" என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

இன்று மாலை அவள் வழக்கமான செவ்வாய்க்கிழமை நடைப்பயிற்சி முடித்து வந்து, துணிப்பையைக் கொக்கியில் மாட்டினாள். மகள் சொன்னதை நான் எடுக்கவில்லை. முதலில் ஒரு நல்ல நடனப் பள்ளியாகப் பார்த்து, நான் கொஞ்சம் கற்றுக்கொண்டு, பிறகு சொல்ல வேண்டும். அவள் முன்னால் தடுமாறி நிற்க என்னால் முடியாது.

மார்ச் 7, வெள்ளி

முதல் பள்ளி. நாற்காலி, கட்டில் விற்கும் கடைக்கு மேல் இரண்டாம் மாடி. படியேறும்போதே பாட்டுச் சத்தம். மேசையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு.

"சொல்லுங்க அங்கிள், யாருக்கு கிளாஸ்? பையனுக்கா, பொண்ணுக்கா?"

எனக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். பின்னால் கண்ணாடிச் சுவரில் நான் தெரிந்தேன். தொப்பை, தோள்பை, சட்டைப் பையில் பேனா.

"பத்திரிகையிலேருந்து வர்றேம்மா. நடனப் பள்ளிகளைப் பத்தி ஒரு கட்டுரை."

யோசித்துச் சொன்னதல்ல. தானாக வந்தது. உடனே நாற்காலி வந்தது, குளிர்பானம் வந்தது, உரிமையாளரே வந்தார். "எழுதறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்கணும் சார்" என்று அவரே இலவசமாக ஒரு வகுப்பில் நிறுத்தினார். தரை வழவழப்பான ஓடு. திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. பயிற்சி முடிவதற்குள் இரண்டு வருடத் திட்டம் ஒன்றை விவரிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த இடம் வேண்டாம்.

படியிறங்கும்போது, பொய் சொல்லிக் குடித்த குளிர்பானம் நினைவுக்கு வந்தது.

மார்ச் 12, புதன்

இரண்டாவது பள்ளி. சுவர் முழுக்கக் கோப்பைகள். நடத்துகிறவர் முன்னாள் சாம்பியன். இங்கேயும் கட்டுரை என்றே சொன்னேன். ஒரு தடவை சொன்னது இரண்டாவது தடவை எவ்வளவு சுலபமாக வருகிறது!

சாம்பியன் தன் சிறந்த மாணவியுடன் மட்டும் ஆடினார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஒருவர் கால் மாற்றி வைத்ததும் பாட்டை நிறுத்தி, "எல்லாரும் இவரைப் பாருங்க, எப்படி வைக்கக் கூடாதுன்னு தெரியும்" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். இதையும் எழுதிவிடுவேனோ என்ற பயம் அவர் முகத்தில்.

நான் குறிப்பேட்டை மூடினேன்.

மார்ச் 14, வெள்ளி

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். ஒன்று இரண்டு மூன்று. வாளி கவிழ்ந்தது.

"என்னங்க, வயிறு சரியில்லையா?" என்றாள் வெளியிலிருந்து.

"ஆமா."

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை எடுத்து வைத்திருந்தாள். விழுங்கினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 18, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மூன்றாவது பள்ளி, நூலகத்துக்குப் பின்னால் உள்ள பழைய கூடம். செவ்வாய் மாலை வகுப்பு. அவள் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரம் என்பதால் வசதி என்று நினைத்தேன். மரத்தரை. ஒரே ஒரு கண்ணாடி, அதையும் துணியால் மூடியிருந்தார்கள். ஆசிரியை உயரமானவர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கட்டுரை என்றதும் தலையாட்டினார், அவ்வளவுதான். என் காலணியைப் பார்த்து, "ரப்பர் அடி தரையைப் பிடிக்கும் சார், முட்டிக்கு ஆகாது. மாத்திக்கங்க" என்று அலமாரியிலிருந்து தோல் அடி வைத்த ஒரு ஜோடியைத் தந்தார். கூட்டத்திலேயே மோசமாக ஆடுகிறவரை அழைத்து முதலில் அவருடன் ஆடினார். அது நான்தான். தப்பு செய்தபோது பாட்டு நிற்கவில்லை. இதுதான் சரியான இடம், அவளை இங்கேதான் அழைத்து வர வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

கதவு திறந்தது. துணிப்பையோடு என் மனைவி உள்ளே வந்தாள்.

"வாங்கம்மா. இவர் பத்திரிகையிலேருந்து வந்திருக்கார், நம்ம கிளாஸைப் பத்தி எழுதப் போறாராம்" என்றார் ஆசிரியை. என் பக்கம் திரும்பி, "இவங்க தனியாத்தான் வர்றாங்க சார். வீட்டுக்காரருக்குக் கால் சரியில்லையாம், பாவம். ஆனா ஒரு கிளாஸ் விட்டதில்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகூப்பினாள்.

"வணக்கம் சார்."

"வணக்கம்" என்றேன்.

சொன்னேன். சொந்த மனைவியிடம், முன்பின் தெரியாதவன் மாதிரி.

இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் பெண்கள் ஓர் இடம் நகர்ந்து அடுத்தவரிடம் போவார்கள். நான்கைந்து பாட்டுக்குப் பிறகு அவள் என் எதிரில் நின்றாள். என் தோளில் கை வைத்தாள்.

"சார் எந்தப் பத்திரிகை?"

பெயரைச் சொன்னேன். சொன்னேனே!

"அதைத்தான் நாங்களும் வாங்குறோம். வீட்டுக்காரர் ஒரு வரி விடாம படிப்பார். பக்கத்துல யார் உக்காந்திருக்கான்னு மட்டும் பாக்க மாட்டார்."

அவள் காலை மிதித்துவிட்டேன்.

"பரவாயில்ல சார். கால் நல்லா இருக்கறவங்களுக்கே இது கஷ்டம்தான்."

அவள் நன்றாக ஆடுகிறாள். கடையில் நாளெல்லாம் நின்று வீங்கும் அதே கால்தான். நேரில் பார்த்தேன், வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

அவள் பேருந்தில் வந்தாள். நான் நடந்து வந்தேன். வீட்டில், "சாப்பிட வாங்க" என்றாள்.

மார்ச் 19, புதன்

"பால் தீந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க." இன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

மார்ச் 20, வியாழன்

முதல் பள்ளியின் உரிமையாளர் எங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசி செய்து கட்டுரை எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். யாருடைய செய்தியையும் பாதியாக வெட்டும் எங்கள் செய்தி ஆசிரியரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். கத்தரி காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"அண்ணே, டான்ஸ் கட்டுரையாமே? சொல்லவே இல்ல! நான் அதுல கை வைக்க மாட்டேன், முழுசா போடுறேன்."

புகைப்படக்காரர் கேமரா முக்காலியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "வேலை நடந்துகிட்டிருக்கு" என்றேன்.

இன்னொரு பொய். அரசு அலுவலகங்களில் வாய்கூசாமல் பொய் சொன்னவர்களைப் பெயரோடு எழுதியவன் நான். அவர்களுக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ, ஒன்றை மறைக்க ஒன்று?

மார்ச் 23, ஞாயிறு

துணி மடிக்கும்போது ஆரம்பித்தேன். முகத்தைப் பார்க்காமல் பேச வசதி.

"கால் சரியில்லைன்னு சொன்னியாமே."

"ஆமா."

"எந்தக் கால்?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தா இடதுன்னு சொல்லியிருப்பேன்."

சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் மேலே பேசினாள்.

"வர மாட்டாருன்னு சொல்ல முடியலைங்க. கால் சரியில்லைன்னா பாவம்னுட்டு விட்டுடுவாங்க. வர மாட்டாருன்னா ஏன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட என்ன பதில் இருக்கு?"

"உனக்காகத்தான் பள்ளி தேடினேன். நிஜமா. முதல்ல நான் கொஞ்சம் பழகிட்டு…"

"தெரியும். பாத்ரூம்ல ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணினது ஹால் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு மாத்திரை?"

"நீங்கதான வயிறுன்னீங்க."

சிரிக்க நினைத்தேன், வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அங்க ஏன் என்னைத் தெரியாத மாதிரி வணக்கம் சொன்ன?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். தலையணை உறையை உதறினாள். எனக்கு ஒரு வாய்ப்பு தந்திருக்கிறாள். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் நடுவில். நான் பதிலுக்கு வணக்கம் சொன்னேன். என் மனைவி என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவளைச் சொல்ல வெட்கப்படவில்லை, என்னைச் சொல்லத்தான் — ஆனால் எதிரில் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்?

"வர்ற செவ்வாய் அங்க வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். ஆனா நீ சொன்ன கால் விஷயமும் வெளிய வந்துடும்" என்றேன்.

"என் பங்கை நான் பாத்துக்கறேன். உங்க பங்கைப் பாருங்க."

மார்ச் 25, செவ்வாய்

எங்கள் பத்திரிகையில் ஒரு முறை உண்டு. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் வர வேண்டும். உள்பக்க மூலையில் ஒளித்துப் போடக் கூடாது.

காலையில் கத்தரியிடம் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதையே எழுதிக் குடுங்கண்ணே" என்றார். மாட்டேன் என்றேன். சாம்பியனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், பட்டென்று வைத்துவிட்டார். முதல் பள்ளிக்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப சேர்ற ஐடியா இருக்கு? உங்களுக்குன்னா சலுகை உண்டு சார்" என்றார்.

மாலை, கூடத்தில், பாட்டு போடுவதற்கு முன் எழுந்து நின்றேன். நூறு பேர் இருக்கும் செய்தியாளர் கூட்டங்களில் கேள்வி கேட்டவன், ஒரு சிறு கூட்டத்துக்கு முன்னால் வார்த்தை தேடி நின்றேன்.

"ஒரு திருத்தம் சொல்லணும். நான் கட்டுரை எழுத வரல. கத்துக்கத்தான் வந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம்… இவங்க வீட்டுக்காரர் நான்தான்."

அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து என் காலைப் பார்த்தார்கள்.

மூலையில் காலணி மாட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "கால் நல்லாத்தான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்." அவள் காது சிவந்திருந்தது.

"நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. போன வாரம் நான் இவரோட ஆடினேனே" என்றார் ஆசிரியை.

கூடமே சிரித்தது. நல்ல சிரிப்பு. அவளும் சிரித்தாள், ஆனால் என் பக்கம் பார்க்காமல்.

என்னை வியாழக்கிழமை புதியவர்கள் பிரிவில் சேர்த்தார்கள். இருவரையும் ஒரே பிரிவில் போடக் கூடாதா என்று கேட்டேன். "புருஷன் பொண்டாட்டியை ஆரம்பத்துல சேத்து விட மாட்டேன் சார். பாட்டு முடியறதுக்குள்ள பழைய சண்டையெல்லாம் வந்துடும்" என்றார் ஆசிரியை.

மார்ச் 27, வியாழன்

முதல் வகுப்பு. கட்டுரை என்ற சாக்கு இனி இல்லை. வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று சொல்லக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நான் இப்போதைக்குச் செவ்வாய்ப் பிரிவுக்கு மாற்றப்பட மாட்டேன். இன்று உறுதியானது. சொன்னவர் ஆசிரியை. காரணம், "தோளைத் தூக்கறீங்க சார், யாரோ அடிக்க வர்ற மாதிரி."

ஜூன் கடைசிச் சனிக்கிழமை இரண்டு பிரிவும் சேர்ந்து ஆடும் மாலை ஒன்று இருக்கிறதாம். அன்றைக்கு மட்டும் ஜோடியைப் பெண்களே சொல்லலாம். முன்கூட்டிச் சொல்லக் கூடாது, எழுந்து நடந்து வந்து கையை நீட்ட வேண்டும்.

சாப்பிடும்போது கேட்டேன். "ஜூன் சனிக்கிழமை யாரோட ஆடப் போற?"

"மனு வந்திருக்கு. பரிசீலனையில இருக்கு."

"வேற யாராவது மனு போட்டிருக்காங்களா?"

"அதெல்லாம் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்றதில்ல சார்."

என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

இப்போது சமையலறையில் பழகுகிறேன். கதவைச் சாத்துவதில்லை. சற்று முன் தண்ணீர் குடிக்க வந்தவள், தம்ளரோடு என்னைத் தாண்டிப் போகையில் என் வலது தோளை ஒரு விரலால் கீழே அழுத்திவிட்டுப் போனாள்.

அவள் முடிவு நிலுவையில் இருக்கிறது. ஜூன் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்குத் தெரியும்.