சாரல் காலத்து எக்ஸ்ரே அறை

குற்றாலம், 11-7-1961

எக்ஸ்ரே மிஷினின் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி மேல் இன்றைக்கு ஒரு கோவணம் காய்ந்துகொண்டிருந்தது.

கோவணம்! யாருடையது என்று கேட்டதற்கு சிவசைலம் சார் சிரிக்கிறார். சீமையில் படித்துவிட்டு வந்த பேராசிரியர், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. "கமிட்டிக்காரரோடதும்மா. சாரல்ல எங்கன போட்டாலும் காய மாட்டேங்குது. பெட்டி சூடா இருக்குல்லா, கிடந்துட்டுப் போட்டும்." நாற்பதாயிரம் வோல்ட் ஓடுகிற பெட்டி. கம்பை வைத்துத் தள்ளிவிட்டேன். கையை டெட்டால் போட்டுக் கழுவியும் அருவருப்பு போகவில்லை.

கமிட்டிக்காரர் என்றால் யூனிவர்சிட்டி நிதிக் கமிட்டி மெம்பர் குற்றாலிங்கம். நமக்கு ஃபிலிம், ட்யூப், எது வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். அதனால் சீசன் முழுக்க அவருக்கு இங்கே எண்ணெய்த் தேய்ப்பு, அருவிக் குளியல், கோழிச் சாப்பாடு. கதிர் வருகிற ட்யூபைக் குளிர வைக்க அருவித் தண்ணீர் சும்மா கிடைக்கும் என்று சொல்லித்தான் சார் இந்த லேபை இங்கே கொண்டுவந்தார். யாரைக் குளிர வைக்க என்று இப்போதுதானே தெரிகிறது.

19-7-1961

தண்ணீரில் ஒரே சகதியும் இலையும். தண்ணீர் குறைந்தால் மிஷினைத் தானாக நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு. வடிகட்டி அடைத்து அடைத்து அது ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. சார் என்ன செய்தார்? வடிகட்டியைக் கழுவச் சொன்னாரா? ஸ்விட்சைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். "இப்ப விழாதுல்லா?" விழாது சார். தண்ணீர் நின்றால் ட்யூப் உருகும், அவ்வளவுதான். மாற்று ட்யூபும் கிடையாது.

மெக்கானிக் பீர் மைதீன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே கட்டினார்.

6-8-1961

தூ.

ஃபிலிம் வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்தேன். குப்பென்று ஒரு நாற்றம். உள்ளே முள்முள்ளாக நாலு துரியன் பழம்! ஃபிலிம் பெட்டிகளை வெளியே எடுத்து ஜன்னல் ஓரத்தில் அடுக்கியிருக்கிறார்கள். கமிட்டிக்காரர் மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாகப் பிள்ளை இல்லையாம், துரியன் சாப்பிட்டால் தங்குமாம், சீசன் முடிந்தால் பழம் கிடைக்காதாம். சாப்பிடட்டும், வேண்டாமென்று நான் சொன்னேனா? என் ஃபிலிம் ஃபிரிட்ஜா கிடைத்தது அதற்கு?

ஒரு பெட்டியிலிருந்து ஃபிலிமை எடுத்து இருட்டறையில் கழுவிப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. ஈரத்தில் எல்லாம் போச்சு. புதுசு வர எத்தனை மாசமோ. நான் அழுதேன். சார் எனக்கு ஒரு சுளை நீட்டினார். கர்த்தரே, அந்த வழவழப்பை நினைத்தால் இப்போதும் குமட்டுது.

7-8-1961

நாற்றம் சேலையில் ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனாள்.

22-1-1962

சாரல் இல்லை, விருந்தாளி இல்லை. புது ஃபிலிம் வந்தாச்சு. மலைவேரிலிருந்து எடுத்த கசப்புச் சத்தை நானே காய்ச்சி வடித்து, ஒரே ஒரு நல்ல படிகம் கிடைத்திருக்கிறது. கடுகில் கால் பங்கு இருக்கும். அதைக் காமிராவில் பொருத்திக் கதிர் முன்னால் மெல்லச் சுழல விட்டால் ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழுது. அந்தப் புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் மிஷின் நாள்கணக்காக ஓட வேண்டும். ஓடட்டும். டிசம்பரில் ஃபெலோஷிப் முடிவதற்குள் எல்லாப் படமும் எடுத்துவிட்டால் போதும், நான் டாக்டர் ஞானபாக்கியம். சுரண்டையில் என்னைப் பெத்த ஐயா கடைவாசலில் போர்டு போடுவேன் என்கிறார். மிளகாய்வத்தல் கடையில் எதற்கு ஐயா என் போர்டு!

இன்றைய படத்தை ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷம் என்றால் இதுதான்.

5-7-1962

மறுபடி சீசன். மறுபடி எண்ணெய். காமிராவின் மேல் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. "பாத்துட்டுப் போகட்டும்மா, பெரிய மனுஷங்க." பார்க்கட்டும் சார், தடவ வேண்டுமா?

இன்னும் கொஞ்சம் படம்தான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

12-7-1962

குழல்வாய்மொழி வந்திருக்கிறாள். வயிறு தெரிகிறது. துரியன் வேலை செய்துவிட்டதாம், கமிட்டிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பாவம், சாது. என் அறை வாசலில் நின்று, "அக்கா, இதுல என்னத்தப் பாக்குதிய?" என்றாள். ஃபிலிமைக் காட்டினேன். "கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். இத்தனை பெரிய மனுஷர் வந்து போனதில் இவள் ஒருத்திதான் ஒழுங்காகப் பார்த்தது.

13-7-1962

கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

சார் கூப்பிட்டார். "ஏம்மா பாக்கியம், நாளைக்கு நம்ம மிஷின்ல குழல்வாய்மொழிக்கு வயித்த ஒரு படம் எடுத்துரு. ஆணா பொண்ணான்னு அவருக்குத் தெரியணுமாம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும் சார், ஆணா பெண்ணா எப்படித் தெரியும்? அதிலும் நம்ம கதிர் ஊசி மாதிரி மெல்லிசு. ஆஸ்பத்திரி மிஷினா இது? படமே விழாது, சுடத்தான் சுடும். போன வருஷம் பீர் மைதீன் அண்ணன் விரல் தெரியாமல் குறுக்கே போய், புண் ஆறவே மாட்டேன் என்றதே, மறந்துவிட்டதா?

அவருக்கா தெரியாது! எல்லாம் தெரியும். குரலைத் தாழ்த்திச் சொல்லுதார்: "ஒரு நொடிதானம்மா. ஏதோ ஒரு ஃபிலிமக் காட்டி ஆண்பிள்ளைன்னு சொல்லிருவோம். மனுஷன் குளுந்துருவாரு. ரெண்டு ட்யூபு, ஒரு புதுக் காமிரா. உனக்கும்தான நல்லது?"

எனக்கு நல்லதாம்! சீ, இவரிடமா நான் படித்தேன். ஒரு பிள்ளையைச் சுட்டு அதில் காமிரா வாங்கி எனக்குத் தருவாராம்.

முடியாது என்றேன். "நீ இல்லன்னா பீர் மைதீன் எடுக்கான்" என்றார். அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். வேலை போய்விடும் என்றால் என்ன செய்வார்?

குழல்வாய்மொழியைத் தனியாகப் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். "எங்கய்யா சொன்னா நான் என்னக்கா செய்ய?" என்று அழுகிறாள்.

14-7-1962

காலையில் எல்லோரும் அருவிக்குப் போயிருந்தார்கள். பீர் மைதீன் அண்ணனைத் தென்காசிக்குச் சாமான் வாங்க நானே அனுப்பினேன். படிகத்தைக் காமிராவிலிருந்து கழற்றிச் சின்னக் குப்பியில் வைத்தேன். மிஷினைப் போட்டேன். தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினேன்.

ஸ்விட்சைத்தான் கட்டி வைத்திருக்கிறாரே. விழவில்லை.

ரொம்ப நேரம் ஆகவில்லை. உள்ளே டப்பென்று ஒரு சத்தம், ட்யூபுக்குள் இருக்கிற செம்பு உருகி ஓட்டை விழுந்துவிட்டது. மீட்டர் முள் கீழே வந்து படுத்துக்கொண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கியிருந்த படங்களை நினைத்து ஓவென்று அழுதேன்.

சார் ஈரத்தலையோடு ஓடிவந்தார். நான்தான் மூடினேன் என்று சொன்னேன். "ஒன் தீசிஸ் போச்சுன்னு தெரியுதா ஒனக்கு?" "தெரியும் சார்." அடிக்கக் கை ஓங்கினார். அப்புறம் அந்தக் கம்பிக் கட்டைப் பார்த்தார், கையை இறக்கிவிட்டார். விசாரணை வந்தால் அதை யார் கட்டச் சொன்னது என்று கேட்பார்களே.

20-7-1962

சகதி அடைத்து ட்யூப் கெட்டுவிட்டது என்று மேலே எழுதியாச்சாம். எனக்கு ஆராய்ச்சிக்கு உடல்நலம் இடம் தரவில்லையாம். அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டேன். அவர் பேனாவைத் தொடப் பிடிக்காமல் என் பேனாவில்.

3-12-1962

ஐயா போர்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வீரகேரளம்புதூர், 18-6-1963

பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்து ரெண்டு வாரம். ஆய்வகம் என்று ஒரு அலமாரி. திறந்தால் கரப்பான் புழுக்கை. பீக்கரில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் இதே கண்றாவிதானா?

26-10-1963

தென்காசி பஸ் ஸ்டாண்டில் குழல்வாய்மொழி. இடுப்பில் பிள்ளை. பெண்.

"எங்கய்யா ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்தே பேசலக்கா. மொதல்லயே தெரிஞ்சிருந்தா எனக்கு என்ன கதி ஆயிருக்குமோ. நல்ல வேளை, அன்னைக்குன்னு பாத்து ஒங்க மிஷின் கெட்டுப்போச்சு."

"ஆமா, பழைய மிஷின்" என்றேன்.

பேர் என்ன என்று கேட்டேன். வள்ளித்தாய் என்றாள். பிள்ளை முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. கொழகொழவென்று அந்தக் கையோடு என்னிடம் தாவியது. வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். எச்சிலும் மாவுமாக என் கன்னத்தையும் கண்ணாடியையும் அப்பி எடுத்துவிட்டது.

நான் ஏற வேண்டிய புதூர் பஸ் வந்து நின்றது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கண்டக்டரிடம் சொன்னேன்.