டிரெயினிங் போன டீச்சருக்கு எடுத்துவைத்த முட்டை

என் மும்தாஜுக்கு,

‘நலமா’ என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். பழக்க தோஷம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, மும்தாஜ். உன் பெயரைப் போனில் பார்த்தால் கை தானாக அழுத்தப் போகிறது.

மூன்று நாள் பயிற்சியின் இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டு வேளை. டிபன் பாக்ஸைத் திறந்து, “செல்வி, உனக்காகத்தான் கத்திரிக்காய் வச்சேன்” என்றாய். மூடியைக் கையில் பிடித்தபடியே என் தோளில் சாய்ந்தாய். விளையாடுகிறாய் என்று நினைத்து, “எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க” என்று அதட்டினேன். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்ததாம். தலைவலி என்றுகூட நீ சொல்லவில்லையே. இல்லை, சொல்லி எனக்குத்தான் கேட்கவில்லையா?

நீ புதுச்சத்திரம் பக்கத்துப் பால்வாடிக்கு டீச்சர், நான் அடுத்த ஊர்ப் பால்வாடிக்கு. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். எந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். நெற்றியில் பொட்டோடு நானும் தலையில் முக்காடோடு நீயும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டும், அக்கா தங்கச்சியா என்று கேட்டவர்கள் உண்டு. நீ ஆமாம் என்றே சொல்லிவைப்பாய்.

முதல் நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பயிற்சி கொடுக்க வந்த அந்தச் சின்னப் பெண், காலையில் அம்மாவைத் தேடி அழும் குழந்தையை எப்படிச் சமாதானம் செய்வீர்கள் என்று கேட்டாள். அம்மா மிட்டாய் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வோம் என்றுதான் ஹால் முழுக்கப் பதில். நீ எழுந்தாய். “அது பொய் தானேங்க மேடம்? அம்மா வேலைக்குப் போறேன், சாயங்காலம் வருவேன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அழுதா அழட்டும். ஏமாத்திட்டுப் போனா, நாளைக்கு அம்மா குளிக்கப் போனாக்கூட அந்தக் கொழந்தை பயப்படும்” என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். உட்கார்ந்ததும் என் தொடையைக் கிள்ளினாய்.

உன் அடக்கம் முடிந்த அடுத்த வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். புது ஆள் வரும்வரை உன் பால்வாடியும் என் பொறுப்பு என்றார். பயந்துகொண்டேதான் போனேன். குழந்தைகள் உன்னைத் தேடி அழுதால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன் என்று பயம்.

யாரும் அழவில்லை, மும்தாஜ். வழக்கம்போல விளையாடிக்கொண்டிருந்தார்கள். உன் தர்ஷினி மட்டும் எழுந்து வந்து என் புடவையைப் பிடித்தாள். “உங்களுக்கு டிரெயினிங் முடிஞ்சுதுங்களா டீச்சர்? எங்க டீச்சருக்கு இன்னும் முடியலீங்களா?”

உன் உதவியாளர் பாப்பாத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“நான் என்னங்க சொல்றது? அன்னிக்குக் காலையில புள்ளைங்க டீச்சர் எங்கன்னு கேட்டுதுங்க. டிரெயினிங் போயிருக்கறாங்கன்னேன். அது நெசந்தானுங்க. மக்கா நாளும், அதுக்கு மறுநாளும் கேட்டுதுங்க. எனக்கு வாயில அதேதானுங்க வந்துது. பெத்தவங்களும், புள்ளைங்க பயந்துக்கும்னு அதையே சொல்லிப்போட்டாங்க.” சொல்லிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வெளியே வந்து தர்ஷினியிடம் ஏதோ தலையாட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாயோ. “எங்க டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதா? ஏன் இத்தனை நாள் படிக்கறாங்க?” என்று ஒருத்தி கேட்டாள். எப்போதும் பென்சிலைக் கடிக்கும் அந்தப் பையன் இருக்கிறானே, கவின், அவன் சொன்னான்: “நான் சேட்டை பண்ணுனனல்ல, அதனாலதான் டீச்சர இன்னும் நாளு சேத்திப் படிக்க வெச்சிருக்கறாங்க.” நாலு வயசுப் பிள்ளை. இதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துச் சுமந்திருக்கிறான்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்த வாரக் கடைசியில் வந்தது. அறையில் தாங்க முடியாத நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று பாப்பாத்தி அக்கா பொம்மை அலமாரியை நகர்த்தினார். நீ பழைய துணியில் தைத்த கைப்பொம்மைகள் வைத்திருப்பாயே, அந்தப் பை அங்கே கிடந்தது. திறந்தால் உள்ளே முட்டைகள். உரித்த அவித்த முட்டைகள். அடியில் கிடந்தவை கறுத்துக் குழைந்துபோய், எறும்பு மொய்த்து. யார் வேலை இது என்று சத்தம் போட்டுவிட்டேன்.

தர்ஷினி முன்னால் வந்தாள். பயப்படவே இல்லை. “எங்க டீச்சருக்குங்க. டிரெயினிங்ல இருந்து வந்தாப் பசிக்குமல்லங்க.”

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முட்டை லாரி போகாத நாள் கோழிப்பண்ணை நிறைந்த நம் ஊரில் உண்டா? பிறந்ததிலிருந்து பார்க்கிற முட்டை. அதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் அம்மாவைக் கேட்டால், “பால்வாடியிலயே முட்டை தின்னுட்டேன்னு சொல்லுமுங்க, ஏன் எளைக்குதுன்னுதான் தெரியல” என்கிறாள்.

நீ போனதால் நின்றுபோன மூன்றாம் நாள் பயிற்சியை இந்த வாரம் வைத்தார்கள். நான் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் உன் பிள்ளைகள் கதவை மறித்து நின்றார்கள். கவின் என் செருப்பை எடுத்து ஒளித்துவைத்துவிட்டான். டிரெயினிங் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று பாடம் ஆகிவிட்டது அவர்களுக்கு. பாப்பாத்தி அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஹாலில் உன் நாற்காலியில் ஓமலூர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அவள் என்ன செய்வாள், பாவம். கேள்வி நேரம் வந்ததும் எழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இந்தக் குழந்தைகளிடம் நான் என்ன சொல்வது என்று கேட்டேன். கொஞ்ச நாளில் மறந்துவிடும், விட்டுவிடு என்றாள் ஒருத்தி. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று சொல்லு என்றாள் இன்னொருத்தி. சாமி நம்மையும் கூப்பிடுமா என்று பயப்படாதா என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

உன் நாற்காலியில் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “எங்கப்பா செத்தப்ப என்னைய அத்தை ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. லாரில லோடு போயிருக்கறாருன்னாங்க. ரொம்ப வருசம் ரோட்டுல போற லாரியெல்லாம் பாத்துட்டு நிப்பனுங்க.” அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

பயிற்சி கொடுக்கும் அந்தச் சின்னப் பெண் கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்தாள். “தூங்கறாங்க, ஊருக்குப் போயிருக்காங்க, அதெல்லாம் வேண்டாங்கக்கா. செத்துட்டாங்கன்னே சொல்லுங்க. திரும்ப வரமாட்டாங்கன்னு சொல்லுங்க. உங்களால வரலைன்னும் கண்டிப்பாச் சொல்லுங்க. அன்னிக்கு அவங்க எந்திரிச்சுச் சொன்னதும் இதுதானே” என்றாள். மைக்கில் உன்னைப் பற்றி அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் எனக்கும் நீ பயிற்சியில்தான் இருந்தாயோ என்னவோ.

தாய்மார்களைக் கூப்பிட்டுப் பேசினேன். சிலர் வேண்டாம் என்றார்கள். தர்ஷினியின் அம்மாதான், “எத்தன நாளைக்குங்க ஏமாத்தறது? சொல்லிப்போடுங்க. எனக்கு வாய் வரல” என்றாள். மற்றவர்களும் சரி என்று தலையாட்டினார்கள்.

நேற்று மதியம், தட்டு வைத்தாகிவிட்டது, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் நடுவில் உட்கார்ந்தேன். “கண்ணுங்களா, மும்தாஜ் டீச்சர் செத்துட்டாங்க. தலைக்குள்ள ரத்தக் கொழாய் ஒடஞ்சு போச்சு. டாக்டரால சரி பண்ண முடியல. இனிமே வரமாட்டாங்க. டிரெயினிங் போனதால இல்ல. நீங்க சேட்டை பண்ணுனதாலயும் இல்ல.” பாப்பாத்தி அக்கா வாய்விட்டு அழ, பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள்.

“என்னாலயும் இல்லீங்களா?” என்றான் கவின்.

“இல்ல சாமி.”

அவன் எழுந்து போய், எங்கிருந்தோ என் செருப்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான்.

தர்ஷினி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று முட்டை போடும் நாள். பிறகு கேட்டாள்: “அப்ப என்னோட முட்டைய நானே திங்கட்டுங்களா டீச்சர்?”

தின்னு சாமி என்றேன். மெதுவாகத் தின்றாள். மஞ்சள் கரு தொண்டையில் அடைத்தது, தண்ணீர் கொடுத்தேன். முழுசும் தின்று முடித்துவிட்டு, வெறும் தட்டைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அழுதாள். மடியில் போட்டுக்கொண்டேன். நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த பயிற்சிக்குத் தகவல் வந்துவிட்டது, மும்தாஜ். ஒளிந்து போகமாட்டேன். போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து, டிரெயினிங் போகிறேன் என்று சொல்வேன். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது நேராக என் வீட்டுக்குப் போகமாட்டேன். உன் ஊரில் இறங்கி, வீடு வீடாகப் போய், வந்துவிட்டேன் என்று முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போவேன். எத்தனை பயிற்சி வந்தாலும் அப்படித்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த
உன் தங்கச்சி,
செல்வநாயகி