மனைவியடி சேர்ந்தார்

ஆவணி, ஞாயிறு.

நாளை குமாருக்குக் கல்யாணம். முள்ளிப்பட்டில் அவன் தெருமுனையில் நண்பர்கள் சார்பாக ஒரு பேனர் கட்டினோம். நான் வேலை செய்யும் ஃப்ளெக்ஸ் கடையில் நானே அடித்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் மாதிரியே கறுப்புக் கரை, குத்துவிளக்கு, நடுவில் குமார் படம். 'இறைவனடி சேர்ந்தார்' என்று வர வேண்டிய இடத்தில் 'மனைவியடி சேர்ந்தார்' என்று போட்டேன். பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணம் என்றால் ஆணுக்குச் சாவு. எங்களுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை இதுதான்.

சாயங்காலம் குமாரின் அம்மா பூ வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேனரைப் பார்த்தவர் பூப்பையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய், "குமாரு மண்டபத்துலதான் கீறாம்மா, இது சும்மா தமாஷுக்கு" என்றேன். நம்பவில்லை. போன் போட்டு அவன் குரலைக் கேட்க வைத்தேன்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, "இன்னா எழுதிக்கீது, படி" என்றார்.

படித்தேன். அந்த வரியை யாரும் சிரிக்காமல் நான் கேட்டது அப்போதுதான்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு இந்த வழியாத்தான்டா வரும்" என்றார். "அதுக்குப் படிக்கத் தெரியும்."

கழற்றிவிடலாம் என்று பசங்களிடம் சொன்னேன். "பேஜார் பண்ணாத மச்சி, அம்மா காலைல மறந்துடும்" என்றார்கள். நானே கம்பத்தில் ஏறினேன். கத்தி இல்லை. கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கீழே பிடிக்க ஒருத்தனும் வரவில்லை.

நாளை அவர்களோடுதான் பந்தி பரிமாற வேண்டும்.