சீட்டுக்கு அடியில் அளந்த அடுப்பு

உன் நாடா இன்று காலையில் கிடைத்தது. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பழைய தலையணை உறைகளை எடுத்து உதறியபோது அவற்றோடு வந்து விழுந்தது. வெள்ளை உள்பாவாடை நாடா, அதில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சு வரை உயரம், இரண்டாவது வரை அகலம், மூன்றாவது வரை நீளம். வேறு யார் கையில் அகப்பட்டிருந்தாலும் நேரே குப்பைக்குப் போயிருக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இரண்டுக்கும் காரணம் நீ என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் பவானிதான் இப்போது ஸ்கூல் வேனை ஓட்டுகிறாள். நீ மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்ட பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக நான் இன்னும் அதே வேனில்தான் இருக்கிறேன். நெமிலிச்சேரியில் தொடங்கி, பட்டாபிராம் சுற்றி, ஆவடி வரைக்கும் அதே ரூட்டு. ஆனால் வேனுக்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கு இனி ஓட்டக்கூடாதாம். ஜூனில் அதை விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். "பெரிம்மா, விக்கிறதுக்கு முன்னாடி சீட்டுங்கள தைக்கக் குடுக்கப் போறேன். அந்த ரெண்டு நாள்ல கடைசியா ஒருவாட்டி தோப்புக்குப் போய்ட்டு வரலாமா? நீ வந்தா போவோம். இல்லன்னா வேணாம்" என்றாள். நீ இல்லாத இரண்டு மே மாதமும் நான் சாக்குச் சொல்லித் தப்பித்தவள். ஒரு வருடம் முட்டிவலி, மறு வருடம் ஊரில் கோயில் கொடை. இந்தத் தடவை அவள் என்னை வாய் திறக்க விடவில்லை. "பழைய அடுப்பு அடி ஓட்டையாயிட்ச்சி. புதுசு ஒண்ணு நீயே பாத்து வாங்கினு வா. வாங்கினா வரேன்னு அர்த்தம். வாங்கலன்னா நான் மறுபடி கேக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேச்சை வெட்டிவிட்டுக் கிளம்புவதில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து கோழி சுடுகிற ஒரு கிரில் அடுப்பை வாங்குவதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் ஊர் சிரிக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஃபேக்டரியில வேல பாக்கிறவன் பொண்டாட்டி ஸ்கூல் வேன் ஆயாவா?" என்று என் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸ் வரிசையே கேட்கும்படி கத்தினார். நீ வாசலில் வேனை நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தாய். "சார், வண்டி ஓட்டுறதே பொம்பளதான். ஏத்தி எறக்குறதுக்கு இன்னா சார் வந்துச்சி?" என்று கேட்டாய். கோவில்பட்டியிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் அவரை ஒரு கேள்வியில் உட்கார வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். மறுநாளே உன் பக்கத்தில் ஏறிவிட்டேன்.

மே மாதம் வந்தால் உனக்குக் கால் தரையில் நிற்காது. பள்ளி திறப்பதற்கு முன்னால் வேனைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். அதற்காகச் சீட்டுகளை எல்லாம் கழற்றி, மண்ணூர்பேட்டையில் தைக்கிறவரிடம் போட்டுவிடுவாய். தைத்து வருவதற்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். அதுவரை வேன் வெறும் தகரக் கொட்டகை. எல்லா டிரைவர்களும் அந்த நாட்களில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள். நீ பாயை விரித்தாய், தலையணை போட்டாய், ஜன்னலுக்குப் பழைய புடவையைத் திரையாகக் கட்டினாய். நீ, நான், பவானி, எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் மூன்று பேர். ஆறு பேரும் ஊத்துக்கோட்டை தாண்டி உனக்குத் தெரிந்தவரின் மாந்தோப்புக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம். முதல் இரண்டு வருடம் புளிச்சோறும் உருளைக்கிழங்குமாகக் கட்டிக்கொண்டு போனோம். மூன்றாம் வருடம் உனக்கு ஆசை வந்துவிட்டது.

"யக்கா, தோப்புல குந்திகினு புளிச்சோறா? கோழி சுட்டுத் துன்னணும்க்கா. எடுத்துகினு போற மாதிரி சின்னதா அடுப்பு வந்துகீது, நான் போன்ல பாத்தேன்."

அந்த ஏப்ரல் முழுக்க நாம் அடுப்பு பார்த்தோம். காலை ட்ரிப் முடிந்து பிள்ளைகளை இறக்கியதும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்கு கேஸ் அடுப்பு வேண்டும். தீப்பெட்டி கிழித்தால் எரியும், கை கரியாகாது. நீ ஒரே பேச்சாக மறுத்தாய். "பசங்க குந்துற வண்டில கேஸ் டப்பா ஏத்த மாட்டேன். ஒண்ணு கீழ உருண்டு போய் எங்கியாவது மாட்டிகினா, ஜூன்ல எந்தப் புள்ள கைல அது கெடைக்கும்?" என்றாய். அதற்கு மேல் நான் பேசவில்லை. கடைக்காரர் ஒருவர் கரண்டில் ஓடுவதைக் காட்டினார். "நல்லாத்தான் கீது. பிளக்க மாமரத்துலயா சொருவுறது?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாய். கரி அடுப்புதான் என்று முடிவானது. அப்புறமும் உன்னை லேசில் திருப்திப்படுத்த முடியவில்லை. தகட்டை விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டாய். கம்பி வலையில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தாய். காலை மடக்கி விரித்து ஆட்டினாய். சாம்பல் தட்டு தனியாகக் கழன்று வராத அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே உன் நாடா. பின்னால் இருக்கும் நீளச் சீட்டுக்கு அடியில் அடுப்பு அடங்க வேண்டும் என்பது உன் சட்டம். வேனில் குப்புறப் படுத்து அந்த இடைவெளியை அளந்து முடிச்சுப் போட்டாய். கடையில் ஜனங்கள் நிற்கும்போதே இடுப்பிலிருந்து அதை உருவி, அடுப்புக்கு அடுப்பு வைத்துப் பார்ப்பாய். உள்பாவாடை நாடாவைப் பார்த்த கடைக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி மின்விசிறி பார்க்கப் போய்விடுவேன். நல்ல நல்ல அடுப்பெல்லாம் நாலு விரல் நீளம் கூடுதல், மூணு விரல் உயரம் கூடுதல் என்று ஒதுங்கிப் போயின. கடைசியில் பூந்தமல்லியில் ஒன்று நாடாவுக்குச் சரியாக அமைந்தது. ஒரு பெரிய டிபன் பாக்ஸ் அளவு. கோழியில் நாலு துண்டு வைத்தால் ஐந்தாவதற்கு இடமில்லை. நீ என்னவோ பொண்ணு பார்த்து நிச்சயம் செய்தவள் மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

கிளம்புகிற அன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாய். இறங்கி வரவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். வெறும் தரையில், அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கேயும் இங்கேயும் திரும்பிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாய்.

"யக்கா," என்றாய். "சீட்டே இல்லியேக்கா."

சீட்டைக் கழற்றுவதால்தான் நாம் போகவே முடிகிறது. அந்த வேனில் தினமும் போய் வந்த இரண்டு பேருக்கு, ஒரு மாதம் முழுக்க, அது உறைக்கவில்லை. ஆட்டுக்கல்லையே ஏற்றியிருக்கலாம், அவ்வளவு இடம். ஆறு பேரும் வேனைச் சுற்றி நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல்கள் திறந்தன. "ஏட்டி, உன் நாடாவ அடுப்புல போட்டு முதல்ல கொளுத்து" என்று நான் சொன்னேன். நீ அதை என் தலையில் வீசினாய். அப்படித்தான் அது என் பீரோவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

தோப்பில் அந்தக் குட்டி அடுப்பு நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒரு தடவைக்கு நாலு துண்டு. ஆறு பேருக்குக் கிடைப்பதற்குள் மத்தியானம் சாயங்காலமாகிவிடும். ஒருத்தி தின்பாள், ஐந்து பேர் பார்த்துக்கொண்டு இருப்போம். பார்த்துக்கொண்டே இருந்தால் வாய் சும்மா இருக்குமா? அந்தக் காத்திருப்பில்தான் எல்லாப் பேச்சும் வந்தது. எனக்கு வந்த டீச்சர் வேலை ஆர்டரை மாமியார் ஒளித்து வைத்ததையும், நாள் கடந்த பிறகு அரிசிப் பானைக்குள் அதை நான் கண்டெடுத்ததையும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொன்னேன். மற்றவர்கள் "அடப்பாவமே" என்றார்கள். நீ துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "போவட்டும்க்கா. டீச்சரா போயிருந்தா எனுக்கு நீ கெடச்சிருப்பியா?" என்றாய். எவ்வளவு சுயநலமான ஆறுதல்! என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆறுதலும் அதுதான்.

அதனால் இன்று காலையில் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே பவானிக்குப் போன் போட்டேன். சீட்டுக் கதையைச் சொன்னேன். அவளுக்கும் ஞாபகம் இருந்தது, நன்றாகச் சிரித்தாள். அந்தத் துணிச்சலில் சொல்லிவிட்டேன்: "வாங்கினா அதே மாதிரி சின்னதுதான் வாங்குவேன் பவானி. மெதுவா வெந்தாத்தான் நாம பேச முடியும். உங்கம்மா இருந்தப்ப இருந்த மாதிரியே இருக்கட்டும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, "பெரிம்மா, நீங்கள்லாம் பேசிகினு இருந்தீங்க. எங்கம்மா ஒரு தடவையாவது அங்க சூடா துன்னு நீ பாத்துகீறியா?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கருகின துண்டுதான் பிடிக்கும். கடைசியிலதான் சாப்பிடுவா. அவளே சொல்வாளே" என்றேன்.

"யாரு, எங்கம்மாவுக்கா? ஊட்ல தோச ஒரு ஓரம் கருகினா கூட என் தட்டுல தள்ளிடும் பெரிம்மா."

போனை வைத்துவிட்டு அதே கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வருடத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். பாயில் நாங்கள் ஐந்து பேர், கால் நீட்டி, வேனில் சாய்ந்து. நீ அடுப்புக்கு முன்னால். சின்ன அடுப்பு என்பதால் ஒரு நிமிடம் நகர முடியாது, நகர்ந்தால் நாலு துண்டும் தீய்ந்துவிடும். அந்த நாளை நினைத்தால் உன் முகம் எனக்குப் புகைக்கு நடுவில்தான் வருகிறது, ஒரு முறைகூடப் பாயில் வரவில்லை. "நீ துன்னுக்கா, நான் அப்புறம் துன்னுக்குறேன்" என்பாய். அப்புறம் என்பது, கரி அணைந்து, வலையைச் சுரண்டி, ஒட்டிக்கொண்டிருந்ததை நீ பிய்த்து வாயில் போட்டுக்கொள்வது. சாம்பல் ஆறியதும் தண்ணீர் தெளித்துத் தகர டப்பாவில் வாரிக்கொள்வாயே, அந்த வேலைக்கு நடுவில். "கருகினதுதான் டேஸ்ட்டு" என்று நீ சொன்னதை நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. பதினோரு வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவளுக்கு உனக்குப் பிடித்தது எது என்று தெரியவில்லை. உன் மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ. அந்தக் கோபமும் கொஞ்ச நேரம்தான், பிறகு என் மேலேயே திரும்பிக்கொண்டது.

மத்தியானம் அம்பத்தூருக்குப் போனேன். தனியாகத்தான். கரி அடுப்பு, சாம்பல் தட்டு கழன்று வருகிறது, வலை கனமான கம்பி. விரல் கணுவால் தட்டினேன், கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இருந்தது. "எத்தன பேருக்கும்மா?" என்றாள். "எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிடணும். சுடுறவளும் சேத்துத்தான்" என்றேன். பெரியதை எடுத்து வைத்தாள். ஒரே தடவையில் பன்னிரண்டு துண்டு. தூக்க முடியாமல் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னத்தை வாங்கிட்டு வந்திருக்க, கல்யாண சமையலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பவானியிடம் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி பெரிம்மா. வியாழக்கிழம சீட்டக் கழட்டிர்றேன்" என்றாள்.

அடுப்புக்கு முன்னால் இந்த முறை அவளும் நானும் மாறி மாறி நிற்கப் போகிறோம். எனக்குத் தீ மூட்டவே தெரியாது, கற்றுக்கொள்வேன். ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. வேகிற முதல் துண்டு, எலும்பு சுடச் சுட, அடுப்புப் பக்கம் நிற்கிறவள் வாய்க்குத்தான். கை கரியாக இருக்கும், அவளால் எடுத்துக்கொள்ள முடியாது, பாயில் இருப்பவர்கள்தான் எழுந்து போய் ஊட்ட வேண்டும். இது இனிமேல் நம் தோப்பின் வழக்கம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியதில் நான் விடாமல் எடுத்துப் போகப்போவது இதுதான். அது நீ சொல்லிக் கொடுத்தது அல்ல, நான் செய்யாமல் விட்டது. எழுந்து வந்திருக்கலாம். இரண்டே எட்டு தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.